மெதுவாகப் போகும்போது உதைக்கிறது: இன்ஜெக்ஷன் மோட்டார் சைக்கிளைச் சீராக ஓட வைப்பது எப்படி?

இணுவிலான்

எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 150 சிசி, காற்றில் குளிரும் எஞ்சின், பெற்றோல் இன்ஜெக்ஷன் உள்ளது. 2020 இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு புதியது வாங்க வழியில்லாததால் பழையதாக வாங்கினேன். மீற்றரில் 27,000 கிலோமீற்றர் காட்டுகிறது. முன்பு வைத்திருந்தவர் கம்பனிச் சைலன்சரைக் கழற்றிவிட்டுச் சத்தம் கூடிய ஒன்றைப் பூட்டியிருக்கிறார். காற்று வடிகட்டியும் கம்பனியுடையது அல்ல, சிவப்பு நிறப் பஞ்சு வடிகட்டி.

வேகமாக ஓடும்போது ஒரு குறையும் சொல்ல முடியாது. கொடிகாமம் தாண்டி ஏ9 வீதியில் விட்டால் அருமையாகப் போகிறது. தொல்லையெல்லாம் மெதுவாகப் போகும்போதுதான். காங்கேசன்துறை வீதியில் மினிபஸ்ஸின் பின்னால் மாட்டிக்கொண்டு இரண்டாம் கியரில் நிமிடத்துக்கு 3,000 சுற்று அளவில் போகிறேன் என்று வையுங்கள். அக்ஸிலரேற்றர் கைப்பிடியை மூடிவிட்டு மறுபடி மெல்லத் திறந்தால் வண்டி ஓர் உதை உதைத்துத்தான் முன்னே போகிறது. மூன்றாம் கியரில் 35 கிலோமீற்றர் வேகத்தில் கையை அசைக்காமல் பிடித்திருந்தாலும் யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவதுபோல் இருக்கிறது. காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இந்த இழுப்பு இல்லை. கொக்குவில் வருவதற்குள் எஞ்சின் சூடாகிவிடும், இழுப்பும் தொடங்கிவிடும்.

அம்மாவை மாதா மாதம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்கு இதில்தான் கூட்டிச் செல்கிறேன். அவருக்கு நாரி நோவு. ஒவ்வோர் உதைக்கும் என் தோளை இறுக்கிப் பிடிக்கிறார், வாய் திறந்து ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருக்கிறது.

கொழும்பில் ஒரு கடையில் விசாரித்தேன். இன்ஜெக்ஷனுடன் இணைக்கும் ஒரு பெட்டி இருக்கிறது, பூட்டினால் வெண்ணெய்போல் ஓடும் என்றார்கள். நண்பர் ஒருவர் வண்டிக்குள் இருக்கும் கணினியையே திறந்து மாற்றி எழுத வேண்டும் என்கிறார். பெட்டியின் விலை என் ஒரு மாதச் சம்பளத்தில் பெரும் பகுதி. அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். பணத்தை அதில் போடலாமா?

பலாலிவீதி

95 ஒக்டேன் பெற்றோல் அடித்துப் பாருங்கள். என் வண்டியிலும் மெதுவாகப் போகும்போது ஒரு மாதிரி இருந்தது, 95 க்கு மாறிய பிறகு நல்ல மாற்றம். அதோடு இன்ஜெக்டர் கிளீனர் என்று சிறிய போத்தலில் விற்கிறார்கள், அதையும் தாங்கியில் ஊற்றிவிடுங்கள். பெட்டி பற்றி எனக்குத் தெரியாது.

சுன்னாகத்து மெக்கானிக்

தம்பி இணுவிலான், உங்கள் கேள்வியிலேயே பதிலின் பாதி இருக்கிறது. சைலன்சர் மாற்றப்பட்ட வண்டி, குளிராக இருக்கும்போது இல்லாத இழுப்பு சூடானதும் வருகிறது, கை அசையாமலே இழுக்கிறது. இந்த மூன்றையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். பெட்டி வாங்கும் பேச்சை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கள்.

முதலில் 95 பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னிடம் வருகிறவர்களில் பலர் அதைத்தான் முதலில் செய்துவிட்டு வருகிறார்கள். ஒக்டேன் எண் என்பது அமுக்கத்தில் தானாகத் தீப்பற்றாமல் பெற்றோல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. அதற்கும் சக்திக்கும், அதற்கும் சீரான ஓட்டத்துக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. உங்கள் வகை எஞ்சினில் அமுக்க விகிதம் ஏறக்குறைய 9.5 க்கு 1. அதற்கு 92 தாராளமாகப் போதும். பாரம் ஏற்றிக்கொண்டு முறுக்கும்போது எஞ்சினுக்குள் கிணிங் கிணிங் என்று தட்டும் சத்தம் கேட்டால் மட்டும் 95 பற்றி யோசியுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜெக்ஷன் வண்டியில் இருக்கும் கணினி காற்றையும் பெற்றோலையும் நேரே பார்ப்பதில்லை. எஞ்சின் எத்தனை சுற்று, கைப்பிடி எவ்வளவு திறந்திருக்கிறது, உள்ளே போகும் காற்றின் அழுத்தம் என்ன, வெப்பம் என்ன, எஞ்சின் எவ்வளவு சூடு என்று ஒவ்வொரு சென்சரும் சொல்வதைக் கேட்டு, பெற்றோலைப் பீச்சும் இன்ஜெக்டரைச் சில மில்லி விநாடிகள் திறந்து மூடுகிறது. 3,000 சுற்றில் இந்தத் திறந்து மூடல் விநாடிக்கு 25 தடவை நடக்கிறது. எஞ்சின் சூடான பிறகு இன்னொரு சாட்சியும் சேர்கிறது. அதுதான் புகைக்குழாயில் திருகியிருக்கும் ஒட்சிசன் சென்சர். எரிந்து வெளியேறும் புகையில் ஒட்சிசன் மிஞ்சியிருந்தால் அதன் மின்னழுத்தம் 0.1 வோல்ட் பக்கம் இறங்கும், மிஞ்சாவிட்டால் 0.9 வோல்ட் பக்கம் ஏறும். இறங்கினால் கணினி பெற்றோலைக் கூட்டும், ஏறினால் குறைக்கும். இப்படிக் கூட்டிக் குறைத்து ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு காற்று என்ற அளவில் எஞ்சினைப் பிடித்து வைக்கிறது. ஒரே வேகத்தில் மெதுவாகப் போகும்போது நடப்பது இதுதான். நீங்கள் நன்றாக முறுக்கினால் அந்த நேரத்தில் கணினி ஒட்சிசன் சென்சரைக் கேட்பதை விட்டுவிட்டுத் தன்னிடம் எழுதி வைத்திருக்கும் கணக்குப்படி பெற்றோலைக் கூடுதலாக விடும். அதனால்தான் கொடிகாமத்தில் அருமையாகவும் கொக்குவிலில் தொல்லையாகவும் இருக்கிறது. குளிர்ந்திருக்கும் எஞ்சினிலும் அந்தச் சென்சரின் பேச்சு எடுபடாது. காலையில் இழுப்பு இல்லாததற்குக் காரணம் அது.

சைலன்சரைக் கழற்றிப் பூட்டியவர் எஞ்சின் தலையில் புகைக்குழாய் சேரும் இடத்தில் பழைய கஸ்கட்டையே திரும்பப் போட்டிருப்பார் என்று சந்தேகப்படுகிறேன். அது ஒருமுறை நசுங்கி இறுகுவதற்கென்றே செய்யப்பட்ட வளையம். இரண்டாம் முறை சரியாக அடைக்காது. புகை ஒரே ஓட்டமாக வெளியேறுவதில்லை, அடி அடியாக வருகிறது. ஒவ்வோர் அடிக்கும் இடையில் குழாய்க்குள் அழுத்தம் குறைந்து, அந்த மெல்லிய இடுக்கால் வெளிக்காற்று உள்ளே இழுபடும். அந்தக் காற்றில் இருக்கும் ஒட்சிசனைச் சென்சர் கண்டுவிட்டு எஞ்சினில் பெற்றோல் குறைவு என்று சொல்லும். கணினி நம்பிக் கூட்டும். கூட்டியது அளவுக்கு மிஞ்சும், பிறகு குறைக்கும். இந்த ஏற்ற இறக்கம்தான் உங்களைப் பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுகிறது.

சோதிப்பது சுலபம். காலையில் எஞ்சின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ஸ்டார்ட் செய்து, தடித்த ஈரத் துணியால் சைலன்சரின் வாயைச் சில விநாடிகள் பொத்திப் பிடியுங்கள். எஞ்சின் தலைப் பக்கம் காதைக் கொடுங்கள். "சுக் சுக்" என்று காற்றுச் சீறினால் அங்கேதான் கசிவு. இருட்டு ஒழுங்கையில் தேட வேண்டியதில்லை, பகல் வெளிச்சத்தில் அந்த இணைப்பின் விளிம்பைப் பாருங்கள். கசிகிற இடத்தில் விரலில் ஒட்டும் கரும்புகைத் தடம் இருக்கும், விசிறிபோல் ஒரு பக்கமாகப் பரவியிருக்கும். கஸ்கட்டின் விலை அந்தப் பெட்டியின் விலையோடு ஒப்பிடவே முடியாத அளவு சிறியது.

இது இழுப்புக்கு. மூடித் திறக்கும்போது வரும் உதை வேறு கதை. கைப்பிடியை முழுக்க மூடினால், சுற்று ஓரளவுக்கு மேல் இருக்கும் வரை கணினி பெற்றோலை அடியோடு நிறுத்திவிடும். திறந்தவுடன் மறுபடி விடும். இன்ஜெக்ஷனுக்கு முன்பு வந்த காபரேற்றரில் இப்படி அடியோடு நிற்பதில்லை, கொஞ்சம் கசிந்துகொண்டே இருக்கும், அதனால் அதில் உதை மெல்லியது. இன்ஜெக்ஷனில் பூச்சியத்திலிருந்து திடீரென்று சக்தி வருகிறது. வரும் சக்தி செயினின் தொய்வை எடுத்துக்கொண்டு, பின்சில்லு மையத்தின் ரப்பர்களை நசுக்கிக்கொண்டு, அதன் பிறகுதான் ரயருக்குப் போகிறது. தொய்வு கூடியிருந்தால் அடியும் கூடும். உங்கள் அம்மாவின் நாரியில் விழும் அடியில் பாதி செயினுடையது என்று நான் உறுதியாகச் சொல்வேன். பின்சில்லைச் சுற்றிச் சுற்றிப் பல இடங்களில் செயினின் கீழ்ப்பகுதியை விரலால் மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு என்றால் செயின் இறுக்குவதால் பயன் இல்லை, பற்சில்லுகளோடு சேர்த்து மாற்ற வேண்டியதுதான். எல்லா இடத்திலும் ஒரே தொய்வு என்றால் கைநூலில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள், பெரும்பாலும் 20 முதல் 30 மில்லிமீற்றர் வரை இருக்கும். அதற்குமேல் இறுக்கினால் இருவர் ஏறியதும் செயின் கம்பியாக நிற்கும், கியர்ப்பெட்டியின் பெயரிங் போய்விடும்.

கைப்பிடிக் கேபிளையும் பாருங்கள். கைப்பிடியைத் திருப்பும்போது கேபிள் இழுபடத் தொடங்குமுன் சிறிது சும்மா அசையும் அல்லவா, அது கூடிப்போனால் உங்கள் கை அந்த வெற்றிடத்தைக் கடந்து ஒரேயடியாகத் திறந்துவிடும். எவ்வளவு மெல்லத் திறக்க நினைத்தாலும் முடியாது. பல வண்டிகளில் 2 முதல் 6 மில்லிமீற்றருக்குள் என்று போட்டிருப்பார்கள், நான் குறைந்த பக்கத்தில் வைத்துக் கொடுப்பேன். ஹான்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள், எஞ்சின் சுற்று ஏறக் கூடாது.

அந்தச் சிவப்புப் பஞ்சு வடிகட்டியால்தான் உதைக்கிறது என்று சொல்லமாட்டேன். சிறிய திறப்பில் அதனால் பெரிய வேறுபாடு வராது. ஆனாலும் அதைக் கழற்றிவிடுங்கள். எங்கள் வலிகாமத்துச் செம்மண் மாவாகப் பறக்கும் மண். சரியாக எண்ணெய் தடவாத பஞ்சு அதைத் தடுக்காது. உள்ளே போன மண், காற்று வழியைத் திறந்து மூடும் த்ரொட்டில் பொடியின் வட்டத் தகட்டில் கரியோடு சேர்ந்து பிசினாகப் படியும், மீதி பிஸ்டனைத் தேய்க்கும். கம்பனி வடிகட்டி எண்ணெய் தோய்ந்த காகித வகை என்றால் அதைக் காற்றடித்துச் சுத்தம் செய்யவும் கூடாது. அடித்தால் எண்ணெய் போய்விடும், காகிதத்தில் கண்ணுக்குத் தெரியாத துளை விழும். தூசி வீதிகளில் ஓடுகிறவர்கள் கைநூல் சொல்லும் காலத்துக்கு முன்பே புதியது போட வேண்டும்.

த்ரொட்டில் பொடியைத் திறக்கும்போது கவனம். அதற்கென்று விற்கும் கிளீனரைத் துணியில் நனைத்துத் துடைக்க வேண்டும். தகட்டைத் திருப்புளியால் நெம்பித் திறக்காதீர்கள். நிறம் பூசி முத்திரை வைத்த திருகாணி ஏதேனும் கண்டால் அதன் பக்கமே போகாதீர்கள். கைப்பிடி மூடியிருக்கிறது என்று கணினி புரிந்துகொள்வது அந்தத் திருகாணியை வைத்துத்தான். அதை அசைத்துவிட்டு வந்த வண்டிகளைச் சரிசெய்யப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

பண்ணைப் பாலம், ஊர்காவற்றுறைப் பக்கம் அடிக்கடி ஓடுகிறவர்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும். உப்புக்காற்று சென்சர் வயர்களின் இணைப்புகளுக்குள் புகுந்து பச்சை பூக்கும். கழற்றிப் பார்த்துச் சுத்தம் செய்தாலே சில வண்டிகள் திருந்திவிடும்.

போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது இங்கே ஹொண்டா எம்.டி. 90 உம் சி50 உம் ஓடியது மண்ணெண்ணெயில். ஸ்டார்ட் செய்ய மட்டும் துளி பெற்றோல், சூடானதும் மண்ணெண்ணெய். காபரேற்றர் அதையும் தாங்கியது, நாங்கள் காதால் கேட்டுத் திருகாணியைத் திருப்பிச் சமாளித்தோம். அந்தத் துணிச்சலை இன்ஜெக்ஷன் வண்டியில் காட்டக் கூடாது. காபரேற்றரில் இருந்ததுபோல் ஊகித்துத் திருப்பும் திருகாணி இதில் இல்லை. ஒவ்வொன்றாகச் சோதித்து, கெட்டதை மட்டும் மாற்ற வேண்டும். 2022 இல் பெற்றோல் தட்டுப்பாடு வந்தபோது கான்களில் சேர்த்து வைத்து ஊற்றியவர்களின் தாங்கிகளில் தண்ணீரும் கசடும் இப்போதும் கிடக்கின்றன. உங்கள் வண்டியின் பழைய சொந்தக்காரர் அப்படிச் செய்தாரா என்று தெரியாது, அதனால் பம்பின் வலையையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. பம்பின் அழுத்தம் இப்படிப்பட்ட வண்டிகளில் பெரும்பாலும் 3 பார் பக்கம் இருக்க வேண்டும். போத்தலில் வரும் கிளீனர் தாங்கியில் கிடக்கும் தண்ணீரை எடுக்காது.

வட்டுக்கோட்டை ரீச்சர்

தம்பி, எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் ஒவ்வொரு நாளும் பாடசாலைக்கு இன்ஜெக்ஷன் வண்டியில்தான் போகிறேன், பின்னால் என் மகள். சங்கானைச் சந்தைப் பக்கம் நெரிசலில் நான் செய்வதைச் சொல்கிறேன்.

கைப்பிடியை முழுக்க மூடுவதே இல்லை. மயிரிழை அளவு திறந்தபடி வைத்துக்கொண்டு, வேகத்தைப் பின் பிரேக்கால் மெல்லப் பிடிப்பேன். மெக்கானிக் ஐயா சொன்ன அந்தப் பெற்றோல் நிற்கும் வேலை அப்போது நடப்பதில்லை போலும், செயினும் எப்போதும் இழுபட்டே இருக்கும். உதை வராது. அதைவிட மெதுவாகப் போக வேண்டி வந்தால் கிளச்சைப் பாதி பிடிப்பேன். பின்னால் இருப்பவர் தூங்கினாலும் விழிக்கமாட்டார்.

மூன்றாம் கியரில் 35 என்று எழுதியிருக்கிறீர்கள். என் வண்டியில் அந்த வேகத்துக்கு இரண்டாம் கியர்தான் சுகம். அம்மாவுக்கு இப்போதே நோவாக இருப்பதால், வண்டி திருந்தும் வரை இதைச் செய்து பாருங்கள். இரு கைகளாலும் உங்கள் தோளைப் பிடிப்பதை விடப் பின்பக்கக் கைப்பிடிக் கம்பியை ஒரு கையால் பிடிக்கச் சொல்லுங்கள். உதை தோளுக்கும் நாரிக்கும் ஒன்றாகப் போகாது.

வல்லைவெளி

மெக்கானிக் ஐயா எழுதியதில் மறுக்க ஒன்றும் இல்லை. கசிவும் செயினும் கேபிளும் முதலில். ஆனால் கணினியின் கணக்கை மாற்றுவதே வீண் வேலை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதால் எழுதுகிறேன். என் வண்டியில் அதைச் செய்திருக்கிறேன், பருத்தித்துறை வீதியில் நாளாந்தம் ஓட்டுகிறேன்.

எல்லாம் சரியாக இருக்கும் புதிய வண்டியிலும் சிறிய திறப்பில் ஒரு கடினம் இருக்கும். 14.7 என்பது புகையைச் சுத்திகரிக்கும் கற்றலிஸ்ட்டுக்கு ஏற்ற அளவு, கைக்கு ஏற்ற அளவு அல்ல. அதே இடத்தில் 13.5 முதல் 13.8 வரை கொண்டுவந்தால் எஞ்சின் மென்மையாகப் பதில் சொல்லும். இந்த வேறுபாடு உங்கள் கையில் உடனே தெரியும்.

சந்தையில் கிடைப்பவை ஒரே வகை அல்ல. மிக மலிவானது, உள்ளே போகும் காற்றின் வெப்பத்தைச் சொல்லும் சென்சரின் வயரில் இணைக்கும் ஒரு சிறு மின்தடை. காற்று உண்மையில் இருப்பதைவிடக் குளிர் என்று கணினியை நம்ப வைத்துச் சில வீதம் கூடுதல் பெற்றோல் விட வைக்கும். சூடான எஞ்சினில் நிதானமாக ஓடும்போது ஒட்சிசன் சென்சர் அந்தக் கூடுதலைக் கண்டுபிடித்துத் திரும்பக் குறைத்துவிடும். முறுக்கும் கணத்தில் மட்டும் கொஞ்சம் பயன். இரண்டாவது வகை ஒட்சிசன் சென்சரின் பேச்சையே மாற்றிச் சொல்லும் பெட்டி. மூன்றாவது, இன்ஜெக்டருக்கும் கணினிக்கும் நடுவே நின்று ஒவ்வொரு திறப்புக்கும் ஒவ்வொரு சுற்றுக்கும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கக்கூடியது. டைனோஜெட் நிறுவனத்தின் பவர் கமாண்டர் அந்த வகை. நான்காவது, கணினிக்குள் இருக்கும் கணக்கையே மாற்றி எழுதுவது. சில யமஹா மாதிரிகளில் பெட்டி எதுவும் இல்லாமலே கம்பனிச் சோதனைக் கருவியால் சி.ஓ. (காபனோரொட்சைட்டு) அளவை, அதாவது பெற்றோலின் பங்கைச் சிறிது ஏற்றவும் வழி இருக்கிறது, அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகலாம்.

எதைச் செய்தாலும் அளக்காமல் செய்யாதீர்கள். கடைக்காரர் கணினியில் ஏற்றித் தரும் ஆயத்தக் கணக்கு வேறு சைலன்சருக்கும் வேறு வடிகட்டிக்கும் எழுதப்பட்டது. வைட்பாண்ட் எனப்படும் அகலவீச்சு ஒட்சிசன் சென்சரைப் புகைக்குழாயில் பொருத்தி, ஓடும்போதே காற்றுக்கும் பெற்றோலுக்கும் உள்ள விகிதத்தைப் பதிவு செய்ய வேண்டும். நான் வல்லை வெளியில்தான் அளக்கிறேன். நேரான வீதி, இரு பக்கமும் திறந்த வெளி, விடியற்காலையில் நெரிசல் இல்லை. ஒரே கியரில் 2,500 சுற்றில் கொஞ்ச நேரம், 3,000 இல் கொஞ்ச நேரம், 3,500 இல் கொஞ்ச நேரம் என்று கையை அசைக்காமல் பிடித்து ஓட வேண்டும். வெளியில் எதிர்க்காற்று பலமாக இருந்தால் அதே வேகத்துக்குக் கைப்பிடி கூடத் திறக்க வேண்டி வரும், பதிவு கணக்கு அட்டவணையின் வேறு கட்டத்தில் விழும். அதனால் போகும் பதிவையும் வரும் பதிவையும் தனித்தனியாக வைத்துப் பார்ப்பேன். 20 வீதத் திறப்புக்குக் கீழே உள்ள கட்டங்களை மட்டும் தொடுகிறேன், ஒரு தடவையில் 3 அல்லது 4 வீதத்துக்கு மேல் மாற்றுவதில்லை. மேலே உள்ள கட்டங்களை விட்டுவிடுங்கள். நீங்கள் கேட்பது சீரான ஓட்டம், கூடிய வேகம் அல்ல.

மூடும்போது பெற்றோல் நிற்பதையும் சில கருவிகளால் தளர்த்தலாம். உதை பெரிதும் குறையும். சைலன்சரில் படபட என்று வெடிப்பது கூடும், பெற்றோல் செலவும் கூடும். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வருமான அனுமதிப்பத்திரத்துக்குப் புகைப் பரிசோதனை கட்டாயம். வண்டி நின்றபடி எஞ்சின் மட்டும் ஓடும் வெறும் ஓட்டத்தில் பெற்றோலைக் கூட்டி வைத்தால் காபனோரொட்சைட்டு அளவு ஏறி அங்கே தவறிவிடும். ஆகவே வெறும் ஓட்டக் கட்டத்தை நான் கம்பனி அளவிலேயே விட்டிருக்கிறேன்.

இணுவிலான்

எல்லோருக்கும் நன்றி. தாமதமாகப் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் செய்து பார்த்துவிட்டே எழுத வேண்டும் என்று இருந்தேன்.

மெக்கானிக் அண்ணா, நீங்கள் சொன்னபடி ஈரத் துணியால் பொத்தினேன். சீறல் தெளிவாகக் கேட்டது. எஞ்சின் தலையில் புகைக்குழாய் சேரும் இடத்தின் கீழ்ப்பக்கம், மேலிருந்து பார்த்தால் தெரியாத இடத்தில், கைவிரல் அகலத்துக்குக் கரும்புகைத் தடம். கழற்றியபோது கஸ்கட் ஒரு பக்கம் காகிதம்போல் மெலிந்திருந்தது. இரண்டு நட்டுகளில் ஒன்றைத்தான் நன்றாக இறுக்கியிருந்தார்கள். புதிய கஸ்கட் போட்டு இரண்டையும் மாறி மாறிச் சமமாக இறுக்கினோம். அன்றைக்கே மூன்றாம் கியர் இழுப்பு முற்றாக நின்றுவிட்டது. காங்கேசன்துறை வீதியில் மருதனார்மடத்திலிருந்து தட்டாதெருச் சந்தி வரை 35 இல் பிடித்துக்கொண்டு வந்தேன், ஓர் அசைவும் இல்லை. நம்பவே கடினமாக இருந்தது.

செயின் ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொய்வு. பற்சில்லுகளோடு மாற்றிவிட்டேன். பஞ்சு வடிகட்டியைக் கழற்றியபோது காற்றுப்பெட்டியின் அடியில் செம்மண் படை படையாக இருந்தது. கம்பனி வடிகட்டி போட்டாயிற்று. த்ரொட்டில் பொடியும் துடைத்தாயிற்று.

ரீச்சர், நீங்கள் சொன்ன பின் பிரேக் முறை நெரிசலில் பெரிய உதவி. அம்மாவும் இப்போது கம்பியைப் பிடிக்கிறார். போன கிளினிக்குக்குப் போய் வரும்போது "இன்றைக்கு வண்டி நல்லாக ஓடுகிறதே, ஏதாவது செய்தாயா" என்று அவராகவே கேட்டார்.

மிஞ்சியிருப்பது ஒன்றுதான். இரண்டாம் கியரில் 3,000 சுற்றில் முழுக்க மூடித் திறந்தால் ஒரு சின்னத் தட்டல். முன்பு இருந்ததில் கால்வாசிகூட இல்லை. இதற்கு இப்போது பெட்டி வாங்கலாமா, அல்லது வல்லைவெளி அண்ணா சொன்ன சி.ஓ. மாற்றம் போதுமா?

சுன்னாகத்து மெக்கானிக்

நல்ல வேலை செய்திருக்கிறீர்கள் தம்பி. அந்த நட்டுகளை எஞ்சின் ஒருமுறை நன்றாகச் சூடாகிக் குளிர்ந்த பிறகு மறுபடி இறுக்கிப் பாருங்கள், புதிய கஸ்கட் சிறிது அமர்ந்திருக்கும். புதுச் செயினும் தொடக்கத்தில் சற்று நீளும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிஞ்சிய தட்டலுக்குப் பெட்டி வாங்க வேண்டாம் என்பது என் முடிவு. நீங்கள் கேபிள் பற்றி ஒன்றும் எழுதவில்லை, பின்சில்லு மைய ரப்பர் பற்றியும் எழுதவில்லை. 27,000 ஓடிய வண்டியில் அந்த ரப்பர்கள் தேய்ந்திருக்க நிறைய வாய்ப்பு. வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்திப் பின்சில்லை அசையாமல் பிடித்துக்கொண்டு, பற்சில்லை முன்னும் பின்னும் திருப்பிப் பாருங்கள். கையில் சும்மா ஆடினால் ரப்பரை மாற்றுங்கள். அதோடு அடுத்த சேர்விஸில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது வால்வு இடைவெளியைப் பார்க்கச் சொல்லுங்கள். காற்றில் குளிரும் எஞ்சின்களில் அதைப் பலர் பார்ப்பதே இல்லை.

இவ்வளவும் செய்த பிறகும் தட்டல் இருந்தால் அது கணினியின் கணக்கில் உள்ளது. அப்போது வல்லைவெளித் தம்பி சொல்வதைக் கேளுங்கள், அவர் அளந்து செய்கிறவர்.

வல்லைவெளி

ஐயா சொன்ன வரிசையே சரி. ரப்பரும் கேபிளும் முடியட்டும். பிறகும் இருந்தால் எதையும் வாங்காமல் முதலில் அளந்து பார்ப்போம், என்னிடம் உள்ள சென்சரைக் கொண்டுவருகிறேன். அதற்குப் புகைக்குழாயில், கற்றலிஸ்ட்டுக்கு முன்னால், திருகு வெட்டிய இன்னொரு துளை வேண்டும். நீங்கள் பூட்டியிருக்கும் அந்த மாற்றுச் சைலன்சரின் முன்குழாயில் கம்பனிச் சென்சரைத் தவிர அடைப்பு ஆணி போட்ட இரண்டாவது துளை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒட்டு வேலை செய்பவரிடம் ஒரு நட்டு ஒட்ட வேண்டி வரும். சென்சரில் நீர் தேங்காதபடி அதைக் குழாயின் மேற்பாதியில், சற்றுச் சாய்வாக ஒட்டச் சொல்ல வேண்டும்.